கார்காலத்துப் பறவைகளும் கேமராவும்

நம் சங்க மலருக்கு இதுவரை நான் எழுதித் தந்தவை பெரும்பாலும் வந்தவாசி வட்டாரத்துக் கல்வெட்டுகள், சமணப் படுகைகள் பற்றியவை. இந்த முறை மலர்க்குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் கடைக்கு வந்து, "ஐயா, கல்வெட்டு போதும். சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்களே, இந்த மழைக்காலப் பறவைப் படங்கள், அவற்றை எப்படி எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். பாத்திரக் கடைக்காரனுக்கு மும்பை மழைக்காலம் மந்தமான காலம். மே மாதத்தோடு கல்யாண சீசன் முடிந்துவிடும்; மறுபடி தன்தேரஸ் வரும்போதுதான் கடையில் கூட்டம். இடைப்பட்ட நான்கு மாதங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் செய்து வருவது இதுதான். யாரிடமும் பாடம் படித்ததில்லை. நூலகத்துப் புத்தகங்களும் நனைந்த சட்டையும் கற்றுக்கொடுத்ததை இங்கே எழுதுகிறேன்.

மழை என்றதும் நம்மவர்களுக்கு ரயில் நின்றதும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததும்தான் நினைவுக்கு வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை அனுபவித்தவர்கள் நாம்; அதைக் குறை சொல்ல முடியாது. பறவைப் படம் எடுக்கிற நண்பர்களும் அப்படித்தான். சிவ்ரி, தாணே கழிமுகத்துப் பூநாரைகள் கிளம்பியவுடன் கேமராவை மூட்டை கட்டி வைத்துவிடுவார்கள். "இனி அக்டோபரில் பார்க்கலாம்" என்பார்கள்.

ஆனால் மேற்குக் கரையில் பறவைகளின் கணக்கு வேறு. நம் ஊரில் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். இங்கே ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை. இந்த நான்கு மாதத்தில் புல் வளர்கிறது, புழு பூச்சி பெருகுகிறது, தவளையும் நண்டும் வெளியே வருகின்றன. குஞ்சுக்கு ஊட்ட வேண்டியவை எல்லாம் இப்போதுதான் கிடைக்கின்றன. ஆகவே பல பறவைகள் இந்த மழையை நம்பியே கூடு கட்டுகின்றன. நம் ஊரில் பனிக்காலத்தில் தோட்டத்துச் சருகைக் கிளறிக்கொண்டிருக்குமே ஆறுமணிக்குருவி, அது முட்டையிடுவதற்காக இந்தப் பக்கத்துக் காடுகளுக்கு மழை தொடங்கும் சமயத்தில் வந்து சேர்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து தென்மேற்குக் காற்றோடு சுடலைக்குயில் வருகிறது. மழைத்துளியை மட்டும் குடித்து உயிர்வாழும் என்று புலவர்கள் பாடிய சாதகப்புள் இதுதான் என்பார்கள். காளிதாசரின் மேகதூதத்திலும் சாதகம் வருகிறது. மழைத்துளியை மட்டும் குடிக்கும் என்பது கற்பனை. மழையோடு வரும் என்பது உண்மை.

படம் எடுக்கும் முன், மழையில் பறவை என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறகு என்பது நெருக்கமான கொக்கிகளால் பின்னிய ஒரு துணி மாதிரி. வாலின் அடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதில் அலகை வைத்து எடுத்து, இறகு இறகாகத் தடவிக் கோதிவிடும். கொக்கிகள் ஒழுங்காக இருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். தூறல் போடும்போது பறவை உடம்பை உப்பிக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருக்கும். இறகுக்குள் காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காப்பாற்றுகிறது. மழை வலுத்தால் எதிர்மாறாகச் செய்யும். இறகை உடம்போடு ஒட்டவைத்து, நிமிர்ந்து, அலகை மேலே தூக்கிக்கொள்ளும். மேலே விழுகிற பரப்பு குறைகிறது, தண்ணீர் சட்டென்று வழிகிறது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் இதற்கு விலக்கு. அவற்றின் வெளி இறகு நனையும் தன்மையுடையது, மூழ்கி மீன் பிடிக்க வசதியாக. அதனால்தான் மழை விட்டதும் சிறகை விரித்துக் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி நிற்கின்றன.

பறவையின் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல். சின்னப் பறவைக்கு அந்தச் சூட்டைக் காப்பாற்ற ஓயாமல் இரை வேண்டும். கொட்டும் மழையிலோ இரை தேட முடியாது. இரண்டு மணி நேரம் மழை நிற்காமல் பெய்தால் அது இரண்டு மணி நேரப் பட்டினி. வியாபாரிக்கு இது சுலபமாகப் புரியும்: வரவு நின்றுவிட்டது, செலவு நிற்கவில்லை. அந்த நேரத்தில் நாம் நெருங்கிப் போய் அதைப் பறக்கடித்தால், கையிருப்பில் இருப்பதையும் செலவழிக்க வைக்கிறோம். மழைக்காலப் படத்துக்கான விதிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பவை.

எந்த நேரம் நல்ல நேரம்? அடைமழை பெய்யும்போது உட்கார்ந்திருக்கும் பறவை அசையாது. தூரத்திலிருந்து, ஒதுங்கிய இடத்திலிருந்து எடுக்கலாம். ஆனால் என் அனுபவத்தில் மிகச் சிறந்தது மழை விட்ட பின் வருகிற முதல் அரைமணி நேரம். எல்லாப் பறவைகளும் ஒரே சமயத்தில் வெளியே வரும். உதறும், கோதும், பசியோடு பாயும். முதல் மழைகளில் ஈசல் கிளம்பினால் கேட்கவே வேண்டாம். கரிச்சான், பஞ்சுருட்டான், மைனா, காக்கை எல்லாம் கூடிவிடும். பருந்துகூட வானத்தில் வட்டமிட்டு ஈசலைக் காலால் பிடித்துத் தின்னும். மயிலும் அப்படித்தான். கொட்டுகிற மழையில் மயில் ஆடாது. தோகை நனைந்து கனத்துத் தரையில் இழுபடும். மேகம் கூடும்போதும் மழை ஓய்ந்த பிறகும்தான் ஆட்டம்.

இனி கேமராக் கணக்கு. மழையைப் படத்தில் காட்ட வேண்டும் என்றால் ஷட்டர் வேகம்தான் முக்கியம். 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு நடுத்தர மழைத்துளி வினாடிக்கு ஏறக்குறைய ஆறரை மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஷட்டரை 1/60 வினாடியில் வைத்தால், அது திறந்திருக்கும் நேரத்தில் துளி சுமார் 11 செ.மீ. இறங்கிவிடும். படத்தில் அது நீண்ட வெள்ளிக் கம்பியாகத் தெரியும். 1/250இல் இரண்டரை செ.மீ., ஒரு சிறு கோடு. 1/1000இல் ஆறரை மில்லிமீட்டர்தான், ஏறத்தாழ முத்து மாதிரி நிற்கும். சிட்டுக்குருவி அளவுப் பறவைக்கு 11 செ.மீ. கோடு என்றால் பறவையின் நீளத்தை நெருங்கிவிடும், மழை பறவையை அடித்துவிடும். நான் பெரும்பாலும் 1/125க்கும் 1/250க்கும் நடுவில் நிற்பேன். மழை மழையாகவும் தெரிய வேண்டும், பறவையின் கண்ணும் கூர்மையாக இருக்க வேண்டும். பறவை தலையை உதறும் கணம் வேண்டுமானால் 1/1000க்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

போகலாம், ஆனால் வெளிச்சம்? நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, துளை எஃப் 5.6 என்று வைத்தால் 1/800 கிடைக்கும். கருமேகம் மூடினால் அதே அளவில் 1/100. அடர்ந்த மரத்தடியில் போனால் 1/6 வினாடிக்கு இறங்கிவிடும். அங்கே 1/250 வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ.வை 4000க்கு ஏற்ற வேண்டும், 1/500க்கு 8000. நான் பழைய பென்டாக்ஸ் கேமராவில் 400 வேக ஃபிலிம் போட்டு எடுத்த காலத்தில் இந்த எண்களைச் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இப்போது சாதாரண டிஜிட்டல் கேமராவே 6400 தாங்குகிறது. கொஞ்சம் மணல் மணலாகத் தெரிந்தால் தெரியட்டும். மழை நாளில் உலகமே அப்படித்தான் தெரிகிறது. நம் மா. கிருஷ்ணன் (1912–1996) தானே பொருத்திச் செய்த, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்ட கேமராவை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கக் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களை எடுத்தார். மழை வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், பாதிக் குறை மறைந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயம். வெளிறிய வானத்தின் பின்னணியில் மழை தெரியவே தெரியாது. பின்னால் கரும்பச்சை மரமோ பாறையோ இருக்க வேண்டும். வெளிச்சம் பறவைக்குப் பின்பக்கமிருந்து வந்தால் ஒவ்வொரு துளியும் மின்னும். அடுத்தது, கேமராவின் மீட்டர் மேகத்தைப் பார்த்து ஏமாறும். மேகம் நம் கண்ணுக்கு மங்கல், ஆனால் மீட்டருக்கு அது வெளிச்சம். மேகத்தின் முன் கரிச்சான் உட்கார்ந்திருந்தால் ஒன்றரை ஸ்டாப் கூட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கரித்துண்டுதான் கிடைக்கும். கரும்பச்சைக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் ஒரு ஸ்டாப் குறையுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். பறவையை மிரட்டும் என்பது ஒரு புறம். கேமராவுக்கு அருகில் விழுகிற துளிகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தை நிறைத்துவிடும்.

கேமராவைக் காப்பாற்றும் முறை பற்றிப் பலரும் பெரிதாகக் கேட்கிறார்கள். அது அவ்வளவு கஷ்டமில்லை. லென்ஸ் ஹுட்டைக் கழற்றாதீர்கள். கேமராவுக்கும் லென்ஸுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்ட், பையில் இரண்டு பருத்தித் துண்டு. ஏ.சி. காரிலிருந்து இறங்கியவுடன் கேமராவை எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். அரைமணி நேரம் மூடிய பையிலேயே வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள். மும்பையின் உண்மையான எதிரி மழையைவிடப் பூஞ்சைதான். முன்பெல்லாம் பீரோவுக்குள் 15 வாட் பல்பு எரியவிட்டுக் கேமராவை வைப்போம். இப்போது மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போதும். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் வறுத்துக் காயவைக்க வேண்டும். டப்பா வேண்டுமானால் என் கடையில் இருக்கிறது!

கார் ஜன்னலில் லென்ஸைத் தாங்க ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளுங்கள். மனிதனைப் பார்த்து ஓடுகிற பறவை காரைப் பார்த்து ஓடுவதில்லை, மழைக்கும் ஒதுக்கம். பைக்குள் என்ன நிரப்புவது என்பதில் மட்டும் கவனம். நண்பர் ஒருவர் பச்சைப்பயறு நிரப்பி வைத்திருந்தார். மூன்றாம் வாரம் பை முளைவிட்டது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது தூக்கணாங்குருவி. குடும்பத்தோடு போகலாம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். சங்கப் புலவர்கள் தூங்கணங்குரீஇ என்று பாடிய அதே குருவி. அதன் வாழ்க்கை முறை முதன்முதலில் தெளிவாக எழுதப்பட்டது நமக்கு மிக அருகில், அலிபாக் பக்கத்துக் கிஹிம் கிராமத்தில். சாலிம் அலி (1896–1987) குடும்ப வியாபாரத்துக்காகப் பர்மாவுக்குப் போனவர். வியாபாரம் அவருக்குக் கைகூடவில்லை. பிறகு மும்பை அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் வேலை. ஜெர்மனிக்குப் போய்ப் பறவையியல் கற்று 1930இல் திரும்பி வந்தால், பணமில்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். வேறு வேலை கிடைக்காமல் மனைவி தெஹ்மினாவோடு கிஹிமுக்குப் போய்க் குடியிருந்தார். அங்கே மழைக்காலத்தில் தூக்கணாங்குருவிகளைத் தொடர்ந்து கவனித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்தும். பெண் குருவிகள் வந்து உள்ளே நுழைந்து சோதித்துப் பார்க்கும். ஒரு பெண்ணுக்குப் பிடித்தால்தான் மீதிக் கூடு. அவள் முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கும். இதையெல்லாம் அவர் பார்த்து எழுதியது அந்த வேலையில்லாத மழைக்காலத்தில்தான்.

படம் எடுப்பவருக்கு இதில் ஓர் உபயோகம் உண்டு. பாதிக் கூடு தலைக்கவசம் போலத் தொங்கும் நிலையில்தான் ஆண் குருவி சிறகடித்து ஆடும், மஞ்சள் தலை பளிச்சென்று தெரியும். நீண்ட குழாய் வாசல் வந்துவிட்டால் உள்ளே முட்டை என்று பொருள், அப்போது ஆட்டமும் குறைவு, நாமும் விலக வேண்டும். இன்னொன்று: தென்மேற்குக் காற்றுக்கு ஒதுக்கமாக, மரத்தின் கிழக்குப் பக்கத்தில்தான் கூடுகள் அதிகம் தொங்கும். நாம் கிழக்கே நின்று மேற்கே பார்த்து எடுக்க வேண்டும். காலை வெளிச்சத்துக்கு அது நல்லது. ஆனால் காற்றோடு வரும் மழை நேரே லென்ஸுக்குள் அடிக்கும்! குடையை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துப் போவது உத்தமம். என் மனைவி பத்து வருடம் பிடித்தாள். பிறகு, "குருவிக்குக் கூடு இருக்கிறது, எனக்குத்தான் ஜலதோஷம்" என்று நிறுத்திவிட்டாள். மழைக்காலத்தில் கேட்வே படகுகள் நின்றுவிடும், பனவேல், பேண் வழியாகச் சாலையில் போகலாம். வழியெல்லாம் வயல் ஓரத்து ஈச்ச மரங்களில் கூடு பார்க்கலாம்.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டதன் காரணத்துக்கு வருகிறேன்.

பனவேலைத் தாண்டி கோவா சாலையில் கர்னாளா பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஓடைகளில், ஜூன் மாத மழையோடு ஒரு மீன்கொத்தி வந்து கூடு வைக்கிறது. மராட்டியில் திபோட்டி கண்டியா என்பார்கள். நாம் மூவிரல் மீன்கொத்தி என்று சொல்லிக்கொள்ளலாம், நாம் இங்கே பார்க்கிற மற்ற மீன்கொத்திகளுக்கு நாலு விரல், இதற்கு மூன்று. மொத்த நீளமே 13 செ.மீ. ஆரஞ்சும் ஊதாவும் நீலமுமாக, பட்டுப்புடவைக் கடையில் பொம்மைக்குக் கட்டிவிட்ட மாதிரி நிறம். பெயர்தான் மீன்கொத்தி, இதன் இரை பெரும்பாலும் ஓணான் குஞ்சு, அரணை, சிறு தவளை, நண்டு, சிலந்தி. ஓடைக்கரை மண் சுவரில் ஒரு மீட்டர் வரைக்கும் நீளும் குழி தோண்டி உள்ளே முட்டையிடும். தாயும் தகப்பனும் மாறி மாறி ஊட்டும். குஞ்சு வெளியே வர மூன்று வாரம் ஆகும்.

இந்தப் பறவை வாயில் அரணையோடு, மழையில், ஒரு பாசி படிந்த குச்சியில் உட்கார்ந்திருக்கும் படத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். நாட்காட்டிகளில் வருகிறது, வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வருகிறது. அந்தப் படத்தை இனிமேல் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். மீன்கொத்தி தானே தின்னப் போகிறது என்றால் இரையின் தலை தன் தொண்டைப் பக்கம் இருக்கும், அப்போதுதான் வழுக்கிக்கொண்டு இறங்கும். இரையின் தலை அலகுக்கு வெளியே முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தால், அது இன்னொரு வாய்க்குப் போகிற உணவு. ஜூனில் என்றால் துணைக்கு. ஜூலை, ஆகஸ்டில் என்றால் பெரும்பாலும் குஞ்சுக்கு. குஞ்சுக்கு உணவு எடுத்துக்கொண்டு வந்த பறவை, போஸ் கொடுக்கிற மாதிரி குச்சியில் ஏன் அத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறது?

2017 ஆகஸ்டில் ஓர் ஓடையில் இதற்கு விடையைப் பார்த்தேன். இடத்தைச் சொல்ல மாட்டேன். கூட்டுக்கு எதிரே ஐந்தாறு மீட்டரில் எட்டுப் பேர், எட்டு முக்காலி. கூட்டு வாசலை மறைத்துத் தொங்கிய செடிகொடிகளை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள், படம் சுத்தமாக வருவதற்காக. பறவை உட்காரவென்று ஒரு குச்சியும் நட்டிருந்தார்கள். தாய்ப் பறவையோ தகப்பனோ அரணையோடு வந்து அந்தக் குச்சியில் உட்கார்ந்தது. தலையை மேலும் கீழும் ஆட்டியது. கூட்டைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது. எட்டுக் கேமராவும் மழையைவிட வேகமாகச் சடசடத்தன. பறந்துபோய் எதிர்மரத்தில் உட்கார்ந்து மறுபடி வந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், 25 நிமிடம். பிறகு மழை வலுத்து, எல்லோரும் சாலையோரக் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். நான் மேட்டில் ஒரு மரத்துக்குப் பின்னால் இருந்தேன். அவர்கள் குரல் மறைந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, பறவை நேரே குழிக்குள் நுழைந்து, உடனே வெளியே வந்து, அடுத்த இரைக்குப் போய்விட்டது.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் நம் தமிழ்ப்பிள்ளை, டோம்பிவலியில் வேலை பார்க்கிறவர். டீக்கடையில் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, அது ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது தெரியுமா?"

"நல்ல பேர்ட் அங்கிள், ரொம்ப கோஆப்பரேட் பண்ணுது."

"அது கோஆப்பரேட் பண்ணலைப்பா. நீங்க நடுவில நிக்கறீங்க, உள்ளே போனா கூடு இருக்கிற இடம் தெரிஞ்சுடுமேன்னு பயப்படுது."

அவர் கேமராத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அரணையின் தலை வெளியே நீட்டியிருந்தது. நேரம் அடியில் பதிவாகியிருந்தது. ஒன்றும் பேசவில்லை. டீயைக் குடித்து முடித்து, மற்றவர்களிடம் மராட்டியில் ஏதோ சொல்லிவிட்டுத் தன் முக்காலியை எடுத்துக் காரில் வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை என்னோடு வந்திருக்கிறார். மழைவிட்ட ஓடைக்கரையில் பறவை இரை தேடுகிற இடத்தில், கூட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி உட்கார்ந்து எடுப்போம். பாதி நாள் படமே கிடைக்காது.

25 நிமிடம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். மழை ஏற்கெனவே அன்றைய பகலில் பாதியை எடுத்துக்கொண்டுவிட்டது. மீதி இருப்பது மழைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளிகள்தான். படம் எடுப்பதற்கு நமக்கு நல்ல நேரம் எதுவோ, அதுவே அதற்கு ஊட்டுகிற நேரம். ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம் வரும், காலையிலிருந்து மாலை வரை. செடியை வெட்டியதால் மழை நேரே வாசலில் அடிக்கும், காக்கைக்கும் பாம்புக்கும் வழி தெரியும். ஆகவே கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை என்று பல போட்டிகளில் இப்போது விதி வைத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் நாட்காட்டி அச்சடிப்பவர்களுக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. படத்தைப் பார்த்து "ஆஹா" சொல்கிற நமக்கும் இல்லை.

ஓடைக்கு நடந்து போவதிலும் ஒரு விஷயம் உண்டு. எங்கள் சமண முனிவர்கள் மழைக்கால நான்கு மாதமும் ஊர்விட்டு ஊர் போகாமல் ஓரிடத்திலேயே தங்குவார்கள். நடந்தால் காலடியில் சின்ன உயிர்கள் மிதிபடும் என்பதுதான் காரணம். சிறுவயதில் இதைக் கேட்டபோது சடங்கு என்று நினைத்தேன். கர்னாளாக் காட்டுப் பாதையில் ஜூலையில் நடந்து பார்த்தால் தெரியும், ஓர் அடி வைக்கிற இடத்தில் நத்தை, நண்டுக்குஞ்சு, விரல் நகம் அளவுத் தவளை. அந்த மீன்கொத்தியின் சமையலறையே இந்தப் பாதைதான். நான் முனிவர் இல்லை, நடக்கத்தான் செய்கிறேன். ஆனால் கூட்டமாக, ஓடைக்கரையை மிதித்துச் சேறாக்கிக்கொண்டு போவதில்லை.

கடைசியாகக் கடற்கரை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபிக்கடலில் பெருங்காற்று அடிக்கும் நாட்களில், நடுக்கடலிலேயே வாழும் பறவைகள் சில தள்ளாடிக் கரைக்கு வந்து விழும். மாஸ்க்டு பூபி, பிரௌன் பூபி, கருப்பு ஆலாக்கள், அபூர்வமாக ஃப்ரிகேட் பறவை. ஃப்ரிகேட் பறவை கடலின் மேல் வாழ்ந்தாலும் அதன் இறகு நீர் தாங்காது, கடலில் உட்கார முடியாது. புயலில் அதற்கு இளைப்பாற இடமே இல்லை. புயல் ஓய்ந்த மறுநாள் ஜுஹுவிலோ அலிபாகிலோ மணலில் ஒரு பெரிய வெள்ளைப் பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தால், சுற்றிலும் பத்து மொபைல் போன் நீளும். அருகில் போனாலும் ஓடாது. 'எவ்வளவு சாது' என்பார்கள். அது சாதுவுமில்லை, பழக்கப்பட்டதுமில்லை. எழுந்திருக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

சிலர் இரக்கப்பட்டுத் தூக்கிக் கடலில் எறிவார்கள். செய்யாதீர்கள், களைத்த பறவை அலையில் மூழ்கிவிடும். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மீன் திணிக்காதீர்கள். நாயையும் கூட்டத்தையும் விலக்கி, ஒரு பெரிய துண்டை மேலே போர்த்தித் தூக்குங்கள். அலகு ஈட்டி மாதிரி, நம் கண்ணை நோக்கி வரும், ஆகவே முகத்துக்குத் தூரமாகப் பிடியுங்கள். காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், உலர்ந்த இருட்டில் வைத்து வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பெட்டியை மூடும் முன் நாலு படம் எடுங்கள், ஃப்ளாஷ் இல்லாமல், சட்டென்று. நம் கரைக்கு எந்தக் கடற்பறவை எப்போது வருகிறது என்பதற்கான சான்றுகளில் பெரும்பகுதி இப்படி ஒதுங்கிய பறவைகளால் கிடைத்ததுதான், ஆகவே இந்தப் படத்துக்கு உண்மையான பயன் உண்டு. முகமும் அலகும் பக்கவாட்டில் ஒன்று, பாதம் ஒன்று, சிறகின் அடிப்பக்கம் தெரிந்தால் ஒன்று. முக்கியமாகப் பிடரி. இளம் மாஸ்க்டு பூபியும் பிரௌன் பூபியும் பழுப்பாக ஒரே மாதிரி இருக்கும். பிடரியில் வெள்ளைப் பட்டை இருந்தால் முதலாவது, இல்லையென்றால் இரண்டாவது. தேதியையும் இடத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.